முத்தி செய்யும் வரிசை

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலைப் பூசையில், பிரசங்கம் முடிவதற்குள் பெண்கள் பக்கமிருந்து பதினேழு இருமல்கள் கேட்டன. ஒன்றுகூட என் மனைவியுடையது அல்ல. அவள் இருமலை எந்தக் கூட்டத்திலும் எனக்குப் பிரித்தறியத் தெரியும்.

ஐப்பசி மழையில் வந்த சாதாரண ஃப்ளூ காய்ச்சல் அவள் நெஞ்சில் இறங்கி, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டது. இன்னொரு முறை வந்தால் நுரையீரல் தாங்காது என்று சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார். அதன் பிறகு யார் வந்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் வீட்டுக்குள் விட்டேன். உப்பளத்தில் வேலை செய்யும் எதிர்வீட்டுப் பெண் உள்ளங்கைகளை விரித்துக் காட்டுவாள்.

"வருஷம் பூரா உப்புத்தண்ணியில ஊறின கை சார் இது. இதுல எந்தக் கிருமி உசுரோட இருக்கும்?"

ஆனாலும் கழுவுவாள்.

எங்கள் கோயிலில் கிறிஸ்துமஸ் பூசை முடிந்ததும் சாமியார் பாலன் இயேசு சுரூபத்தை, அந்தச் சின்னச் சிலையை, ஏந்தி நிற்பார். எல்லோரும் வரிசையில் வந்து பாதத்தில் முத்தமிடுவார்கள். அதை முத்தி செய்வது என்போம். ஒவ்வொருவருக்குப் பின்னும், சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் வெள்ளைத் துணியால் துடைப்பார். முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் அதே துணி.

"இந்த வருஷம் வேணாம்மா," என்று வீட்டிலேயே கெஞ்சியிருந்தேன்.

"பொழச்சி வந்திருக்கேன். அதுக்கு நன்றி சொல்ல வேணாமா?" என்றாள்.

அதனால் உபதேசியாரைத் தனியாகப் பிடித்து, அவளை முதலில் விடச் சொன்னேன். அப்போதாவது துணி சுத்தமாக இருக்கும்.

"இன்னா சார், பஸ்ல சீட்டு புடிக்கிற மாதிரி கேக்கறீங்க," என்று சிரித்தார். ஆனால் ஒத்துக்கொண்டார்.

முதலாவதாகத்தான் நின்றாள். பின்னால் கைக்குழந்தையோடு ஒருத்தி வந்ததும், "நீ முன்னால போம்மா, பச்சப்புள்ள," என்று நகர்ந்துகொண்டாள். அடுத்து ஒரு கர்ப்பிணியை விட்டாள். அடுத்து கோலூன்றிய கிழவி ஒருத்தியை விட்டாள். பதினேழில் நான்கு இருமல் அந்தக் கிழவியுடையது. நான் எழுந்து நின்று கையை ஆட்டினேன். என் மனைவி திரும்பவேயில்லை.

அவள் முறை வந்தபோது புடவைத் தலைப்பை வாய்மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். உதட்டை வைக்கவில்லை. நெற்றியை அந்தச் சின்னப் பாதத்தில் வைத்து, மற்றவர்களைவிடச் சற்று அதிக நேரம் அப்படியே இருந்தாள். உபதேசியார் துணியோடு காத்து நின்றார்.

அவளுக்கு ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் எனக்குத்தான் உடம்பு கொதித்தது. பெண்கள் முடித்த பிறகுதான் ஆண்கள் வரிசை நகர்ந்திருந்தது. அவள் தப்பித்துவிட்டாள் என்ற நிம்மதியில், அத்தனை பேர் வாய் பட்ட பாதத்தில் நானும் உதட்டை வைத்து முத்தி செய்திருந்தேன்.

அவளுக்கு ஒட்டிவிடக் கூடாதென்று பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கஞ்சியை வெளியே வைத்துவிட்டு நகரச் சொன்னேன். சற்று நேரத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"தள்ளிப் போ," என்றேன்.

"தள்ளித்தான் குந்திக்கினு இருக்கேன். கதவு சாத்தித்தானே இருக்குது." பிறகு கேட்டாள்: "மூச்சு வாங்குதா உங்களுக்கு?"

"இல்ல."

"இருங்க, நானே கேட்டுப் பாக்கறேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் அசையாமல் இருந்தாள். நான் நிதானமாக மூச்சை இழுத்து, அவளுக்குக் கேட்கும்படி விட்டேன்.