பொழுது சாயுமுன் ஒரு பந்தி

மகளின் தலைத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் கறி எடுக்கவில்லை. ஒலக்கூர் பக்கம் எங்கள் ஊரில் தீபாவளி விடியலில் இட்லியும் கறிக்குழம்பும் இல்லாத வீடு என்றால், அங்கே ஏதோ துக்கம் என்று அர்த்தம். என் கணவர் அந்தத் துக்கத்தை ஒரு வாரம் முன்பிருந்தே அனுஷ்டிக்கத் தொடங்கிவிட்டார்.

காரணம் மருமகன் வீட்டார். அவர்கள் மேல்சித்தாமூர்ப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள். விழுப்புரத்தில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த மகளும் அவரும் ஒருவரையொருவர் பிடித்துப்போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். வரவேற்பு மண்டபத்தில் சம்பந்தியம்மாவும் நானும் கும்பிட்டுக்கொண்டதோடு சரி. ஒல்லியான, நிமிர்ந்த உடம்பு. கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அவர் எதிரில் நின்றபோது பரீட்சைக்குப் படிக்காமல் வந்தது போல இருந்தது எனக்கு.

அவர்கள் காலையில் கோயில் பூசையை முடித்துவிட்டு, மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. முதல் நாள் மகளுக்குப் போன் செய்து பாடம் கேட்டேன்.

"வெங்காயம், பூண்டு கூடாதும்மா. மண்ணுக்கு அடியில வெளையற கெழங்கு எதுவுமே கூடாது. இஞ்சியும்தான். பொழுது சாஞ்சப்புறம் மாமியாரு தண்ணிகூடத் தொட மாட்டாங்க."

"மஞ்சத்தூள்?"

"அது காஞ்சதும்மா, பரவால்ல."

"பெருங்காயம்?"

"அது செடியோட பிசின்மா. நீ ரொம்பப் பயந்துக்கினு இருக்க."

பயந்துகொண்டுதான் இருந்தேன். திண்டிவனம் மார்க்கெட்டுக்கு வண்டியில் போய் அவரை, பறங்கி, வாழைக்காய், முருங்கை என்று தரைக்கு மேலே காய்ப்பதாகப் பார்த்துப் பார்த்து வாங்கினேன். காய்க்காரம்மா, "ரெண்டு கிலோ வெங்காயம் போடட்டா?" என்று கேட்டபோது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேண்டாம் என்றேன்.

தீபாவளியன்று எண்ணெய்க் குளியல் முடிந்ததும் கணவர், "ஏரிக்கரை வரைக்கும் போய்ட்டு வர்றேன்" என்று கிளம்பினார். திரும்பி வந்தவர் இட்லியும் சட்னியும் வேண்டாம், பசிக்கவில்லை என்றார். முகத்தில் ஒரு வாரத் துக்கத்தின் சுவடே இல்லை. எனக்கு அதை விசாரிக்க நேரமில்லை.

பதினோரு மணிக்குள் சமையலை ஏறக்குறைய முடித்துவிட்டேன். சாம்பார், பறங்கிக்காய்க் கூட்டு, வாழைக்காய் வறுவல், பாயசம். வடைக்கு மாவு தயார். எல்லாவற்றுக்கும் மேலாக, என் பெருமைக்குரிய மல்லாட்டைக் காரக்குழம்பு. நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம்; எங்கள் நிலத்தில் விளைந்ததுதான். அதை வறுத்து அரைத்துப் புளி கரைத்து, எண்ணெய் மிதக்க இறக்கி வைத்தேன். வெங்காயம் பூண்டு இல்லாமலே வீடு மணத்தது.

கணவர் சமையலறை வாசலில் நின்று அந்தக் குழம்பையே பார்த்தார். பிறகு மிகவும் சாதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, மல்லாட்ட எங்க காய்க்குது?"

கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. இத்தனை வருஷம் அந்தச் செடியைப் பறித்து, மண்ணை உதறி, ஆய்ந்தவள் நான். மகளுக்குப் போன் செய்தேன். தொடர்பு கிடைக்கவில்லை. கணவர் ஆறுதல் சொன்னார்: "பூ மேலதான் பூக்குது. கேட்டா அப்டிச் சொல்லிப் பாக்கலாம்." நான் குழம்புச் சட்டியைத் தூக்கி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்து, மேலே ஒரு முறத்தைக் கவிழ்த்தேன்.

மணி ஒன்றானது. இரண்டானது. அவர்கள் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. ஒருவழியாக மகள் பேசினாள். செஞ்சி ரோட்டில் புளியமரம் ஒன்று சாய்ந்து, வண்டிகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கின்றனவாம். மரத்தை அறுத்துக்கொண்டிருக்கிறார்களாம்.

"பேஜாராப் போச்சும்மா. மாமியாரு காத்தாலயிருந்து ரெண்டு வாழப்பழம்தான் சாப்ட்டு இருக்காங்க."

அப்போதுதான் எனக்குப் பொழுது சாய்கிற விஷயம் உறைத்தது. ஐப்பசி மாதத்துச் சூரியன் மாலையில் கொஞ்சமும் தாமதிக்காது. அன்றோ மேகத்துக்குள் அது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கணவர் செல்போனில் அஸ்தமன நேரத்தைத் தேடி எடுத்து, ரன் கணக்குச் சொல்வது போல வாசலிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். நான் சாம்பாரை மூன்றாம் முறையாகச் சூடு செய்தேன்.

ஐந்து மணி தாண்டி கார் வந்து நின்றது. ஆரத்தித் தட்டோடு ஓடினேன். பிள்ளைகள் நிற்க, சுற்றத் தொடங்கினேன். சம்பந்தியம்மா வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சம்பந்தி, ஜல்தியா சுத்துங்க. பேச்செல்லாம் அப்புறம். எல எங்க இருக்குது?"

சொன்னவர் ஈரச் செருப்பை உதறிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக என் சமையலறைக்குள் போய்விட்டார். நான் பின்னால் ஓடினேன். அவர் இலைகளைத் துடைக்க, நான் வடையை எண்ணெயில் போட, மருமகன் தண்ணீர் வைக்க, மகள் அப்பளத்தைத் தேட, என் கணவர் "இன்னும் இருபது நிமிசம்" என்று குரல் கொடுக்க, அந்த வீட்டில் யாரும் யாருக்கும் மரியாதை செய்ய நேரமில்லாமல் போனது. நானும் சம்பந்தியம்மாவும் ஒரே கரண்டியைப் பிடித்து இழுத்தோம். அவர்தான் ஜெயித்தார்.

சாதம் வடிக்கும் தட்டைத் தேடி முறத்தைத் தூக்கியவர், "இது இன்னா, ஒளிச்சி வெச்சிருக்கீங்க?" என்றார்.

"அது வேணாங்க. தெரியாமப் பண்ணிட்டேன். மல்லாட்டைக் கொழம்பு. மண்ணுக்குள்ள வெளையறது."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கும்போது அவருக்கு ஒரு பக்கத்துப் பல் இல்லை என்று தெரிந்தது.

"அது கெழங்கு இல்ல, கொட்ட. எங்க ஊர்ல வெதைக்கறதே மல்லாட்டதான். அது இல்லாட்டி எங்கள்ல பாதிப் பேரு பட்டினிதான். எடுங்க இப்படி."

எல்லாரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தோம். சம்பந்தியம்மா முதலில் குழம்பைத்தான் போட்டுக்கொண்டார். அப்பளம் நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் கடைசி வாய் மோர்சாதத்தை விழுங்கி, தண்ணீர் குடித்து டம்ளரை வைத்தபோது வாசலில் வெளிச்சம் மிச்சம் இருந்தது. கணவர் செல்போனைப் பார்த்து, "நாலு நிமிசம் கீது" என்றார். மருமகன் கைதட்டினார்.

கை கழுவிவிட்டு வந்த சம்பந்தி, அதாவது மருமகனின் அப்பா, என் கணவரின் தோளில் கை வைத்து, "எங்களால உங்களுக்குத் தீபாவளிக் கறி போச்சே" என்று வருத்தப்பட்டார்.

"சேச்சே, அதெல்லாம் எங்களுக்குப் பெரிசில்லீங்க."

சரியாக அந்த நேரம் பார்த்து, பக்கத்துத் தெருவிலிருந்து என் கொழுந்தன் மனைவி மருமகனைப் பார்க்க வந்தாள். உள்ளே நுழையும்போதே, "மாமா, காத்தால அவசரமா சாப்ட்டுப் போய்ட்டீங்க. கறி இன்னும் நெறைய கீது, எடுத்தாரட்டா?" என்றாள்.

கணவர் கூரையில் ஏதோ ஒழுகுகிறதா என்று பார்க்கத் தொடங்கினார். சம்பந்தி சிரித்த சிரிப்பில் அவருக்கே புரையேறியது.

மழை விடாததால் அன்றிரவு அவர்கள் தங்கினார்கள். எட்டு மணிக்கு எங்களுக்குப் பசித்தது. காத்திருந்ததில் நான் மதியமும் சாப்பிடவில்லை, பரிமாறிக்கொண்டே இருந்ததில் பந்தியிலும் சரியாகச் சாப்பிடவில்லை. சம்பந்தியம்மா எதிரில் எப்படிச் சாப்பிடுவது என்று சமையலறையில் நின்றபடி யோசித்துக்கொண்டிருந்தேன். அவரே உள்ளே வந்து, எனக்கு ஒரு தட்டை எடுத்து வைத்தார்.

"எனக்குத்தான் கெடயாது. நீங்க ஏன் பட்டினி கெடக்கறீங்க? ஒக்காருங்க."

அவர் போட்டார், நான் சாப்பிட்டேன். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் என் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, தன் மகன் சின்ன வயதில் செய்த சேட்டைகளையெல்லாம் அவனுக்குக் கேட்காதபடி ஒவ்வொன்றாகச் சொன்னார்.