காரைச் சூடாக்கும் வேலை

காலையில் என் கணவர் ஏறி உட்காரும்போது காரின் எஞ்சின் சூடாகியிருக்க வேண்டும். பதினாறு வருஷமாக அது என் வேலை.

கோல சிலாங்கூர் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் அவர் மண்டோர்; குலை வெட்டும் ஆட்களை வேலை வாங்குபவர். அவர் குளிக்கப் போனதும் நான் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவேன். முதலில் கேட்டைத் திறந்துவிட்டு அடுப்படி ஜன்னலைச் சாத்த வேண்டும், இல்லையென்றால் புகை முழுதும் அடுப்படிக்குள் வரும். ஆட்டோ கியர் கார். கியர், வண்டியை நிறுத்திவைக்கும் ‘பி’யில் இருக்கிறதா, ஹேண்ட்பிரேக் இழுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் செய்வேன். எஞ்சின் முதலில் கொஞ்சம் இரையும். இரைச்சல் அடங்கினால் போதும், பிறகு மெதுவாக ஓட்டினாலே சூடாகிவிடும் என்று பட்டறைக்காரர் என் முன்னால்தான் சொன்னார். இவர் கேட்டால்தானே! பத்து நிமிஷம் நான் காவல் இருக்க வேண்டும்.

ஓட்ட மட்டும் கூடாது. கல்யாணத்துக்கு முன்பே லைசன்ஸ் எடுத்தவள் நான். “ஒனக்கு எதுக்கு லா கார்? நான் இல்லையா?” என்பார். இருக்கிறாரே, நன்றாக இருக்கிறார்.

அன்று காருக்குள் உட்கார்ந்திருந்தபோது சுங்கை பஞ்சாங்கிலிருந்து அண்ணி கூப்பிட்டார். அம்மா அங்கே அண்ணன் வீட்டில்தான் இருந்தார். “அம்மாவுக்கு மூச்சு வாங்குது. ஒன்னத்தான் கேக்குறாங்க. ஒடனே வா.”

ஓடிப்போய்க் குளியலறைக் கதவைத் தட்டிச் சொன்னேன்.

“வெட்டு ஆளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. மத்தியானம் போலாம் லா,” என்றார் உள்ளே இருந்தே. தண்ணீர் ஊற்றும் சத்தம்கூட நிற்கவில்லை.

மறுபடியும் காரில் போய் உட்கார்ந்தேன். இரைச்சல் அடங்கியிருந்தது. செகிஞ்சான் வழியாக ஒரே ரோடு, எனக்குத் தெரிந்த ரோடுதான். பிரேக்கை மிதித்துக் கியரை, வண்டி ஓடுவதற்கான ‘டி’க்கு இழுத்தேன். ஹேண்ட்பிரேக்கை இறக்குவதுதான் பாக்கி. இவர் எதில் வேலைக்குப் போவார், வந்து என்ன கத்துவார் என்று யோசித்தேன். பாவி, பெற்றவள் மூச்சுக்குத் தவிக்கும்போது அதைத்தான் யோசித்தேன். கியரை ‘பி’க்கே தள்ளிவிட்டேன்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். “நவுரு,” என்றார். இறங்கி வழிவிட்டேன்.

மத்தியானம் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். “கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க,” என்றார் அண்ணி. இவர் துக்கத்துக்கு வந்தவர்களிடம், வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. ஆனால் அன்று அவர் குளித்து முடித்து வரும்வரை கார் என் கையில்தான் இருந்தது.