காலடித் தகடு

கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த அவருக்குப் பூதக்கண்ணாடி என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. வைத்தவள் கடைக்கு எதிரே பழம் விற்கிறவள். ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கப் போனாலும் ஒவ்வொரு பழத்தையும் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தராசில் வைப்பார். "பழம் வாங்க வந்தீங்களா, இல்ல அதுக்கும் பவர் செக் பண்ண வந்தீங்களா?" என்று ஒருநாள் அவள் கேட்டுவிட்டாள். பேர் ஒட்டிக்கொண்டது.

தொழில் அப்படி. லென்ஸை உரசி, பிரேமில் பொருத்தி, எங்காவது மயிரிழைக் கீறல் விழுந்திருக்கிறதா என்று நாள் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. அந்தப் பழக்கம் வீட்டிலும் விடாது. புதுத் துண்டு வாங்கி வந்தால் நான்கு ஓரத்தையும் பிரித்துப் பார்ப்பார். "நல்ல வேளை, என்னைக் கட்டிக்கிட்டப்போ உங்களுக்கு இந்த வேலை கிடைக்கல" என்பார் மனைவி.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான் ஒரு காரைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார். வாங்கியது சொந்தத் தங்கையிடம். அதுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தங்கைக்குச் சரியாகத் தலை வாரிக்கொள்ளக்கூடத் தெரியாது. இவர் படிப்பை விட்டுவிட்டு, கிடைத்த வேலைக்குப் போனார். காலையில் சைக்கிளின் முன்கம்பியில் அவளை உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். "காலைத் தூக்கிக்கோ, சக்கரத்துல மாட்டிடும்" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வருவார். வாசலில் இறங்கியதும் அவள் "போயிட்டு வரேண்ணா" என்பாள். "போயிட்டு வா, பார்த்துப் போ" என்பார் இவர். அவள் வளர்ந்து, கல்யாணமாகி, துறைமுகத்துப் பக்கம் குடிபோன பிறகும் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அதே பேச்சு, அதே பதில்தான். அவருக்குப் பிள்ளை இல்லாத குறை அவளால்தான் பாதி தீர்ந்தது.

கார் வாங்கவேண்டி வந்தது மனைவிக்காக. போன வருஷம் மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து கைத்தடியோடு வீட்டுக்குள் நடமாடுகிறார், ஆனால் பஸ் படி ஏற முடியாது. ஜன்னலே கதி என்றாகிவிட்டது. பெரிய ஆசையெல்லாம் அவருக்கு இல்லை. "கடைக்குப் போய் என் கையால நாலு கத்திரிக்காய் பொறுக்கணும். நீங்க அத்தனை நேரம் பார்த்துப் பார்த்து வாங்கிட்டு வர்றதுலயும் புழு இருக்கு" என்பார்.

விஷயம் தெரிந்து தங்கை போன் செய்தாள். "வெளியில எவன்கிட்டயோ வாங்கி ஏமாறாதேண்ணா. நாங்க வேற வண்டி எடுக்கப் போறோம். இதை நீயே வச்சுக்கோ."

"அதை ஒரு மெக்கானிக்கிட்ட காட்டிட்டு வாங்குங்க" என்றார் கடையில் கூட வேலை செய்கிறவர். இவருக்கு வந்ததே கோபம். "என் தங்கச்சி வண்டிக்கு நான் ஊர்க்காரன்கிட்ட சர்ட்டிபிகேட் வாங்கணுமா?" என்று கத்திவிட்டார்.

தங்கை புருஷன்தான் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். நீல நிறம், பாலிஷ் போட்டு முகம் பார்க்கலாம்போல இருந்தது. உள்ளே புது மேட். இவர் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார், அவ்வளவுதான். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கும்போது மேட்டைத் தூக்கிப் பார்ப்பது அவருக்கு அசிங்கமாகப் பட்டது. அன்று சாயங்காலம் தங்கை போனில், "அண்ணியைப் பின்னாடி உட்காரச் சொல்லுண்ணா, கால் நீட்ட வசதியா இருக்கும்" என்றாள். பின்சீட்டில் குனிந்து நுழைய மனைவியின் இடுப்பு இடம் கொடுக்காது என்று இவர் விளக்கினார். அவள் சட்டென்று வேறு பேச்சுக்குப் போனாள். "பார்த்தியா, உன்மேல எவ்வளவு அக்கறை!" என்றார் மனைவியிடம், பெருமை தாங்காமல்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். மனைவி தலைக்குச் சாயம்கூடப் போட்டிருந்தார். முன்கதவைத் திறந்து, கைத்தடியை உள்ளே ஊன்றி, அதன்மேல் பாரத்தைப் போட்டு உட்காரப் போனார். தடி உள்ளே இறங்கியது.

"என்னங்க, தரை அமுங்குது."

"புது மேட்டு, மெத்துன்னுதான் இருக்கும்" என்று சிரித்தார் இவர். தடி இன்னும் இறங்கி மாட்டிக்கொண்டது. மனைவி கதவைப் பிடித்துக்கொண்டதால் விழாமல் தப்பினார்.

அவரை வீட்டு வாசல் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு மேட்டை உருவினார். அதற்குக் கீழே கார்ப்பெட். கார்ப்பெட்டுக்குக் கீழே கறுப்புச் சாயம் அடித்த ஓர் அட்டை. அட்டையைத் தூக்கினால் தரையே இல்லை. செதில் செதிலாய்ப் பழுப்புத் துரு. விரலை வைத்தால் அப்பளமாய் நொறுங்கியது. நொறுங்கிய ஓட்டை வழியே தெருவில் கிடந்த ஒரு பாட்டில் மூடி தெரிந்தது. ஆடிப்போய்விட்டார்.

"பரவாயில்லைங்க, இன்னொரு நாள் போவோம்" என்று சொல்லிவிட்டு மனைவி தடியை ஊன்றி உள்ளே போய், ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். நல்ல புடவையைக்கூட மாற்றவில்லை.

வெல்டிங் பட்டறைக்காரர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தார். "கடற்கரை வண்டியா? உப்புக்காத்து கீழேருந்து தின்னுடுச்சு. வித்தவங்களுக்கு நல்லாத் தெரியும் சார். அட்டையை அளவெடுத்து வெட்டி, சாயம் அடிச்சு, எவ்வளவு பொறுமையா வச்சிருக்காங்க பாருங்க" என்று நீட்டினார். எதையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவர், அந்த அட்டையை மட்டும் பார்க்காமலே வாங்கிக் குப்பையில் போட்டார்.

"மாப்பிள்ளை நம்ம தலையில கட்டிட்டாரு" என்றார் வீட்டுக்கு வந்து. "பாவம், அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வண்டிக்குக் குறுக்கே படுத்திருப்பா." மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. தங்கையிடம் இவர் மூச்சு விடவில்லை. சொன்னால் அவள் புருஷனோடு சண்டை போடுவாள், குடும்பத்தில் குழப்பம் எதற்கு என்று நினைத்தார். வாராவாரம் போனில் "வண்டி நல்லா ஓடுதாண்ணா?" என்று அவள் கேட்பாள். "ஜம்முனு ஓடுது" என்பார்.

பட்டறையில் கனமான தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். மனைவி காய்கறிக் கடைக்குப் போனார். கூடையில் கையை விட்டுத் தானே பொறுக்கிய கத்திரிக்காயை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு இரண்டு பேரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

பிறகு ஒருநாள் தங்கை வந்தாள். சாப்பிட்டாள், அண்ணிக்குத் தலை பின்னிவிட்டாள். கிளம்பும்போது பஸ் நிறுத்தம்வரை காரில் விடுகிறேன் என்றார் இவர். அவள் நேராகப் பின்கதவைத் திறந்தாள்.

"நான் என்ன உனக்கு டிரைவரா? முன்னாடி வா."

தயங்கிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். கடைவீதியைத் தாண்டும்போது தற்செயலாகப் பார்த்தார். அவள் பாதம் தரையில் படவில்லை. இரண்டு காலையும் கதவோரத்து விளிம்பில் ஒடுக்கி வைத்துக்கொண்டு, மேலே கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். கால்வலியோ என்று நினைத்தார். வேகத்தடை வந்தது. வண்டி தூக்கிப் போட்டபோது அவளுடைய இரண்டு காலும் சட்டென்று சீட்டுக்கு மேலே ஏறின.

வண்டியை ஓரமாக நிறுத்தினார். அவள் காலையே பார்த்தார். குரல் உயரவில்லை.

"காலைக் கீழ வைம்மா. தகடு அடிச்சாச்சு."

அவள் நிமிரவில்லை. "அவர்தான் சொல்லக் கூடாதுன்னாரு... நான்தான் அண்ணியைப் பின்னாடி உட்காரச் சொன்னேனேண்ணா."

"சொன்னே. முடியாதுன்னு நானும் சொன்னேன்."

அவள் கைப்பிடியை விட்டாள். ஒவ்வொரு காலாக மெதுவாக இறக்கி வைத்தாள். தகடு தாங்கியது. அழ ஆரம்பித்தாள். சமாதானம் சொல்ல இவருக்கு மனசு வரவில்லை.

பஸ் நிறுத்தத்தில் இறங்கியவள் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். "போயிட்டு வரேண்ணா" என்றாள். பதில் நாக்கு நுனிவரை வந்தது, வெளியே வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போன பிறகும் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து சாவியை மேஜைமேல் வைத்தார். ஜன்னலோரத்திலிருந்து மனைவி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

"முன்னாடி உட்கார வச்சீங்களா?"

"உனக்குத் தெரியுமா?"

"பின்னாடி உட்காரச் சொல்லுன்னு அவ சொன்னது, தடி இறங்கின அன்னிக்கே ஞாபகம் வந்துச்சு."

"அப்புறம் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்களுக்கு இருக்கிறது ஒரே தங்கச்சி" என்றார் மனைவி. "இடுப்புதான் எப்படியோ தப்பிச்சிருச்சே."

இவர், மனைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.