டெல்மர் போக்கின் பெயருக்கு மேல் இருந்த சிவப்பு வரி

மார்வா ஹென்ஸ்லி கவுண்டிச் சிறையில், அதாவது அந்த மாவட்டத்துச் சிறையில், நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தபோது அவள் புருஷன், "நல்ல இடம்தான், நோயாளி ஓடிப்போக மாட்டான்" என்று சிரித்தான். அவன் காலமான பிறகும் அவள் அந்த வேலையை விடவில்லை. அமெரிக்காவில் கென்டக்கி மலைப்பக்கத்துச் சின்ன ஊர் அது. உள்ளே வருகிறவர்களில் பாதிப்பேரை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

அவர்களுடைய மருத்துவக் காகிதங்கள் எல்லாம் ஒரு இரும்பு அலமாரியில் கிடந்தன. கவுண்டிக்காரர்கள் அதைக் காலி செய்துவிட்டு, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். மார்வா இரண்டு விரலால் தட்டுவதைப் பார்த்துக் காவலர் கார்லா கிண்டல் பண்ணாமல் விடமாட்டாள்.

"என்னக்கா, கோழி மாதிரி கொத்துறீங்க?"

"கொத்தினாத்தான் சோளம் கிடைக்கும்டி. நீ போய் உன் கதவைப் பூட்டு."

முணுமுணுத்தாலும் கம்ப்யூட்டரின் பலன் மார்வாவுக்குப் புரிந்தது. முன்பெல்லாம் சனிக்கிழமை பிடிபட்டு வருகிறவனுக்கு, பழைய காகிதம் கைக்கு வந்து ரத்த அழுத்த மாத்திரை கிடைக்கத் திங்கட்கிழமை ஆகிவிடும். இப்போது அன்றைக்கே கிடைத்தது.

அந்தக் குளிர்காலத்தில் டெல்மர் போக் மறுபடி வந்தான். பழைய சுரங்கத் தொழிலாளி. குடித்துவிட்டுச் சண்டை போடுவதே அவன் வழக்கு. முதுகு வலிக்கிறது என்றான். மார்வா திரையைப் பார்த்தபடியே தட்டிக்கொண்டிருந்தாள்.

"மிஸ் மார்வா, நான் இங்க உக்காந்திருக்கேன். அந்தப் பொட்டிக்குள்ள இல்ல."

அவளுக்குச் சுருக்கென்றது. மேசையைத் திருப்பி, திரை இருவருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள். டெல்மர் குனிந்து மெதுவாகப் படித்தான். அவன் பெயருக்கு மேலே, சிவப்பு எழுத்தில் இருந்தது: 'வலி என்று நடிப்பவர். மாத்திரைக்காகப் பொய் சொல்வார்.'

"யாரு எழுதினது?"

"முன்னாடி சனி ஞாயிறுல வந்துட்டிருந்த நர்ஸ் ஒருத்தர். இப்ப இல்ல."

காகிதத்தில் எங்கோ ஒரு மூலையில் கிடந்த வரி அது. கம்ப்யூட்டரில் ஏற்றியவர்கள் அதை உச்சியில் வைத்துவிட்டார்கள்.

"இத்தனை தடவையும் இதைப் படிச்சிட்டுத்தான் எங்கிட்டப் பேசுனீங்களா?"

மார்வா பொய் சொல்லவில்லை. "ஆமா" என்றாள். பிறகு, "எங்க வலிக்குது, முதல்லேருந்து சொல்லு" என்றாள்.

டெல்மர் சொன்னான்: சுரங்கக் கூரை சரிந்து முதுகில் விழுந்தது. கம்பெனி மூடிப்போனது. இப்போது இடது பாதம் மரத்துக் கிடக்கிறது. அவள் அவனுடைய காலுறையைக் கழற்றி ஊசி முனையால் குத்திப் பார்த்தாள். அவனுக்குத் தெரியவே இல்லை.

வாரம் ஒருமுறை வரும் டாக்டர் ப்ராட்வாட்டரைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"மேல சிவப்புல போட்டிருக்கே, பாத்தீங்களா மார்வா?"

"பாத்தேன் டாக்டர். அவன் காலையும் பாத்தேன்."

டாக்டர் மரத்த பாதத்தைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். "சரி, ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க" என்றார் அந்த அம்மா.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, அடிமுதுகில் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஒரு வட்டு பிதுங்கி நரம்பை நசுக்கியிருந்தது. இன்னும் தள்ளிப்போயிருந்தால் கால் விளங்காமல் போயிருக்கும் என்றார்கள். அறுவை சிகிச்சை நடந்தது. காவலுக்குக் கூடப் போன கார்லா, அவன் மயக்கத்தில் பாட்டுப் பாடியதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிவப்பு வரியை அழிக்க முடியவில்லை. எழுதினது எழுதினதுதான், அதுதான் விதி. மார்வா கவுண்டிக்காரர்களிடம் விடாமல் கேட்டுக்கேட்டு அதைக் கீழே இறக்க வைத்தாள். மேலே நரம்பு நசுங்கிய விவரம் ஏறியது. அதற்குப் பிறகு, தங்களைப் பற்றி அவள் எழுதுவதைக் கைதிகள் பக்கத்தில் உட்கார்ந்தே பார்த்தார்கள். சிலர் அவளுடைய எழுத்துப்பிழையைத் திருத்தினார்கள். அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

டெல்மருக்குப் பாதத்து மரமரப்பு முழுசாகப் போகவில்லை. ஆனாலும் நிமிர்ந்து நடந்தான். வசந்தகாலத்தில் குடித்துவிட்டு மறுபடி வந்து சேர்ந்தபோது, மார்வா வாய் வலிக்கத் திட்டினாள். தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தவன், அவள் ஓய்ந்ததும் சொன்னான்:

"குடியை விடறதுக்கும் அந்த டாக்டரம்மாகிட்ட ஏதாச்சும் மருந்து இருக்குமா?"

மார்வா அவனை உட்காரச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள்.