விமானிக்குத் தைத்த தொடைப்பை

அன்று பாண்டி பஜார் தையற்கடையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், துணி வெட்டும் பாய், மயிலாப்பூரிலிருந்து வந்த ஒரு விமானி, விமானியை நம்பாத அவருடைய மாமனார்.

யுத்தம் முடிந்து இரண்டொரு வருஷம் ஆகியிருந்தது. விமானி மீனம்பாக்கத்தில் ஒரு கம்பெனி வேலைக்கு மனுப் போட்டு, ஓட்டிக் காட்டும் பரீட்சையில் ஒரு முறை தோற்றிருந்தார். ஓட்டத் தெரியாமல் அல்ல. காகிதங்களைக் கட்டி மேய்க்கத் தெரியாமல். விமானம் சாய்ந்ததும் மடியிலிருந்த வரைபடம் சரிந்து காலடி மிதியில் சிக்கிக்கொண்டதாம். அடுத்த வாரம் மறுபரீட்சை.

“இந்தத் தடவையும் போச்சுன்னா என் பழைய ஆபீஸ்ல குமாஸ்தா வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கேன்,” என்றார் மாமனார். “அங்கேயும் காகிதம்தான். ஆனா பேப்பர் வெயிட் உண்டு, மாப்ளே.”

விமானி என் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து, மிதியில் இரண்டு கால்களையும் வைத்து, வலது தொடையைத் தட்டிக் காட்டினார்.

“கை காலியா இருக்காது. அதனால எல்லாம் இங்கே இருந்தாகணும். வரைபடம் அடியில, போற வழி மட்டும் வெளியில தெரியறாப்பல மடிச்சு. அதுக்கு மேல, கிளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணொண்ணா சரிபாக்கற அட்டை. பக்கத்துல, ரேடியோவுல சொல்றதைக் குறிச்சுக்கக் காகிதம், பென்சில்.”

சொல்லிக்கொண்டே மிதித்துவிட்டார். மிஷின் துணியில்லாமல் தடதடவென்று ஓடியது.

“அவரை எறங்கச் சொல்லு நைனா,” என்றார் பாய். “கெளம்பறதுக்கு முன்னாடியே ஊசி ஒடிஞ்சிடப் போவுது.”

ரவிக்கையில் ஒரு தையல் விட்டால் திட்டோடு போகும். இதில் ஒரு காகிதம் நழுவினால்? தொடையில் கட்டிக்கொள்ளக் கான்வாஸில் பை தைத்தேன். ஒவ்வொரு அறைக்கும் மூடி, ஒவ்வொரு மூடிக்கும் இரண்டு பட்டன், எல்லாம் இறுக்கமான காஜா. பென்சிலுக்கும் ஒரு பட்டன்.

“இன்னா, மேப்பை ஜெயில்ல போடுறியா?”

“வுழுந்துட்டா யாரு பாய் பதில் சொல்றது?”

பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினேன். ஒன்றும் விழவில்லை. எடுக்க முடிகிறதா என்பதை மட்டும் பார்க்கவில்லை.

பரீட்சையன்று பக்கத்து ஆசனத்தில் அதிகாரி. அட்டையைப் பார்த்துச் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார். ஒற்றைக் கையால் பட்டன் கழலவில்லை. விமானி மேலே பார்த்தபடி முழுப் பட்டியலையும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்துவிட்டார். அதிகாரி விமானத்தைக் கிளப்பவே விடவில்லை. “மனப்பாடக்காரன் கண்ணுக்கு மூடாத கதவும் மூடியதாகத் தெரியும். எனக்குப் பார்த்துப் படிக்கிறவன்தான் வேண்டும்” என்று சொல்லி, வெள்ளிக்கிழமை கடைசித் தடவையாக வரச்சொல்லி இறக்கிவிட்டார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மனப்பாடம் வராமல் புத்தகத்தை ஓரக்கண்ணால் பார்த்ததற்குத்தான் அத்தனை பிரம்படியும். இப்படியொரு பள்ளிக்கூடம் மீனம்பாக்கத்தில் இருப்பதை யாரும் என் அப்பாவிடம் சொல்லவில்லை.

“பாத்துப் படிக்கற பரீட்சையில தோத்துட்டு வர மாப்பிள்ளை ஊர்ல எங்காத்துக்கு மட்டுந்தான் வாய்ச்சிருக்கு,” என்று மாமனார் கடைக்கே வந்து சொன்னார்.

பாய் கத்தரிக்கோலை நீட்டினார். பட்டன்களையும் மூடிகளையும் வெட்டி எறிந்துவிட்டு, குறுக்கே அகலமான எலாஸ்டிக் வைத்துத் தைத்தேன். ஒரு விரலால் இழுத்தால் அட்டை வந்துவிடும். இந்தத் தடவை விமானியை முக்காலியில் உட்காரவைத்து, பாய் அதைச் சாய்த்து ஆட்ட, மாமனாரே அதிகாரியாகி, “பாத்துப் படியுங்கோ, பாத்து!” என்று அதட்டினார்.

வெள்ளிக்கிழமை தேறினார். வேலையும் கிடைத்தது. மாப்பிள்ளைக்கு எல்லாம் மனப்பாடம் என்று மாமனார் மயிலாப்பூர் முழுக்கப் பெருமையடித்தார்.

அதன் பிறகு எலாஸ்டிக் தளரும்போதெல்லாம் விமானி வருவார். “பாக்கியை அடுத்த தடவை தந்துடறேன். நாளைக்குக் காலம்பற கிளம்பணும்,” என்பார். ஆகாயத்தில் போகிறவரிடம் நான் கடைசியாகப் பேசியது காசைப் பற்றி என்று ஆகிவிடக்கூடாதே! “பத்திரமா போய்ட்டு வாங்க சார்,” என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

“அவரு தெனம் போய்க்கினுதான் இருப்பாரு. நீ எப்ப கேக்கப்போறே?” என்பார் பாய்.

கூலி ஐந்து ரூபாய், முன்பணம் ஒன்று போக, எலாஸ்டிக்குக்கு நாலணா சேர்த்து, நான்கு ரூபாய் நாலணா இன்னும் வரவேண்டும்.