காப்பிக்களத்தில் ஒரு குத்துப் பாட்டு

இன்றைக்குப் பார்த்து ஹோட்டலில் லிஃப்ட் படுத்துவிட்டது!

ஏற்காட்டில் சீசன் கூட்டம். மூன்று மாடிக்கும் பெட்ஷீட் மூட்டையைத் தூக்கியது யார்? அடியேன்தான். (எனக்கு வயது ஐம்பத்திரண்டு. என் முட்டிக்கு எழுபது!)

மூன்றாவது மாடியில் ஒரு ரூமுக்குள் தொண்ணூறுகளின் டான்ஸ் பாட்டு. நிற்கவே தெம்பில்லாத கால், மூட்டையோடு தாளம் போடுகிறது!

அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். சரசு அண்ணி ஞாபகம் வந்துவிட்டது.

அந்தப் பாட்டெல்லாம் புதிதாக வந்த காலத்தில் நாங்கள் நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வேலை செய்தோம். கழுவிய காப்பிக்கொட்டையைக் களத்தில் பரப்பி, காலாலேயே கிளறி நடக்க வேண்டும். பாதத்தைத் தரையோடு இழுத்து இழுத்து, வரிவரியாக. பனி இறங்குவதற்குள் காய வேண்டும் என்பதால் நிற்கக் கூடாது.

விடிந்ததிலிருந்து அதே நடை. சாயங்காலம் கால் நம்முடையதா என்றே தெரியாது.

என் அண்ணன் காய்ச்சலில் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. அண்ணி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. களத்தில் நாலு எட்டு வைப்பார், நின்றுவிடுவார்.

களத்து வேலையையும் கணக்கையும் பார்க்கும் ரைட்டர் இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, உங்க அண்ணி இப்படி நின்னா காப்பி காயுமுங்களா? இன்னிக்கு ஒரு நாள் பாக்கறேன். இல்லீன்னா நாளைக்கு வேற ஆளுதானுங்க."

வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். இரண்டு பிள்ளைகளோடு அண்ணி எங்கே போவார்?

பாட்டுக் கேட்டாலாவது கால் நகராதா என்று தோன்றியது. மூட்டை ஏற்ற வந்த லாரி டிரைவரிடம் கெஞ்சி டேப் ரெக்கார்டரை வாங்கி வந்து, கையில் சிக்கிய கேசட்டைப் போட்டேன்.

ஐயோ, சரியான குத்துப் பாட்டு!

எட்டுப் பெண்களின் காலும் எகிறியது. நேராக இருந்த வரியெல்லாம் பாம்பு மாதிரி நெளிந்துபோனது! திரும்பிப் பார்த்தால், அண்ணியின் காலும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது.

பக்கத்து வரிசை அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"புருசன் போயி மூணு மாசம் ஆகல, ஆட்டத்தப் பாரு!"

மற்றவர்களின் கால் சட்டென்று நின்றுவிட்டது. பாட்டு மட்டும் ஓடுகிறது.

அண்ணி நடையை நிறுத்தவில்லை.

"நான் ஆடலீங்க அக்கா. இத்தன நாளா இழுத்தாலும் வராத காலு, இன்னிக்குத் தானாப் போகுது. போகட்டும், உடுங்க."

சத்தம் கேட்டு ரைட்டர் வந்தார். கோணல் வரிகளைப் பார்த்தார். குனிந்து ஒரு பிடி கொட்டையை அள்ளிப் பார்த்தார்.

"வரி கோணலாப் போனா என்னுங்க, நல்லாக் காயுதில்ல. பாட்ட மறுக்காப் போடுங்க!"

வேலை தப்பியது. வீடும் தப்பியது.

சாயங்காலம் கொட்டையைக் குவித்து மூடிக்கொண்டிருந்தோம். அண்ணி மெதுவாகச் சொன்னார்.

"உங்க அண்ணன் இருந்திருந்தா, அம்மிணி, அந்தப் பாட்டுக்கு லுங்கிய மடிச்சுக் கட்டிட்டு..."

சாக்கைப் பிடித்துக்கொண்டே ஓவென்று அழுதார். அண்ணன் போன அன்றைக்கு வராத அழுகை, அன்றைக்குத்தான் வந்தது.

அந்தக் காலத்து டான்ஸ் பாட்டைக் கேட்டால் மனசு லேசாகிறது என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். நிஜம்தான். அது எப்படி லேசாகும் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உங்களை அழவைத்த குத்துப் பாட்டு ஏதாவது உண்டா? சொல்லுங்களேன்.