மணல்திட்டில் விட்டுப்போன மச்சினன்

தேங்காய்ப்பட்டணத்தில் ஆறு கடலில் சேரும் இடத்தில் ஆளில்லாத மணல்திட்டு ஒன்று உண்டு. கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று மனைவியின் தம்பியும் நானும் பிரியாணிப் பானையோடு சிறு வள்ளத்தில் துடுப்பு வலித்துப் போனோம்.

திட்டில் நல்ல வெயில். ஆற்றின் மேல்பகுதியில், திற்பரப்பில் பெய்த மழையை நாங்கள் நினைக்கவே இல்லை. மாலையில் ஆறு பெருகித் திட்டை அரித்தது. நான் கூடாரத்தைப் பிடுங்குவதற்குள் மச்சினன் வள்ளத்தைத் தள்ளி, தான் மட்டும் ஏறிக்கொண்டான்.

"ஏலே, எனக்கு நீந்தத் தெரியாதுடே!"

"அங்கேயே நில்லுங்க அத்தான், ஆள அனுப்புதேன்!"

இடுப்பளவு தண்ணீரில் தத்தளித்த என்னை ஒரு மீனவர்தான் தூக்கினார். "என்ட்ட யாரும் சொல்லல்ல. கூடாரம் மிதந்து வந்துது, அதப் பாத்துதான் வந்தேன்" என்றார்.

"அவன் பயந்துட்டான்" என்கிறாள் மனைவி. இருக்கலாம். ஆனால் கரையில் அந்த வள்ளத்தைப் பார்த்தேன். நான் கழற்றி வைத்திருந்த லைஃப் ஜாக்கெட்டைப் பானைக்கு மாட்டி, வாரை இழுத்து இறுக்கியிருந்தான். ஒரு பருக்கைகூடச் சிந்தவில்லை.